டீக் கிளாசுக்கு ஒரு மூடி

முதல் குற்றம் சிரட்டை. பொட்டல்விலக்கு டீக்கடையில் கிழக்குத் தெருக்காரர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில்தான் டீ ஊற்றினார்கள்.

இரண்டாவது குற்றம் அலுமினியத் தம்ளர். சிரட்டையை ஒழித்துவிட்டதாக அவர்களே பெருமை பேசிக்கொண்டு, தம்ளரை மாட்டக் கடைக்கு வெளியே தனி ஆணி அடித்தார்கள்.

மூன்றாவது, குடித்தவரே அதைக் கழுவி அந்த ஆணியில் மாட்ட வேண்டும் என்பது.

நான்காவது, ஓர் ஆனி மாதக் காலையில் நடந்தது. கொம்பையா என்ற இருபத்து நான்கு வயது இளைஞர் கடைக்குள் போனார். மேடையில் அடுக்கியிருந்த கண்ணாடிக் கிளாஸ் ஒன்றை எடுத்து நீட்டி, டீ கேட்டார். அவருடைய வலது கையில் மூன்று விரல்களை உடைத்தார்கள்.

ஐந்தாவது, வழக்கு. ஒன்பது ஆண்டு வாய்தா. மாட்டுவண்டிச் சக்கரத்தில் விரல் சிக்கியது என்று தீர்ப்பு.

ஆறாவது, காகிதக் கப். மேடையில் கண்ணாடிக் கிளாஸ் இருக்கும்போதே, எங்கள் ஆட்களுக்கு மட்டும் கேட்காமலே காகிதக் கப்பை நீட்டினார்கள். சுகாதாரம் என்றார்கள். பதினோரு நாள் கடைவாசலில் நின்றோம். எல்லோருக்கும் ஒரே கிளாஸ் என்று எழுதி வாங்கினோம்.

ஏழாவதை எந்த மனிதரும் செய்யவில்லை. கொம்பையாவுக்கு அறுபத்து மூன்றாம் வயதில் நடுக்குவாதம் வந்தது. போராடி வாங்கிய கிளாசை அவரால் பிடிக்க முடியவில்லை.

பாதி டீ வாய்க்குப் போனது. மீதி சட்டைக்குப் போனது. ஒருநாள் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மறுநாள் முதல் கொம்பையா கடைப்பக்கம் போகவில்லை. வீட்டில் மருமகள் தம்ளரைப் பிடித்துக் குடிப்பாட்ட வந்தால் வாயை இறுக்கிக்கொண்டார். தாகத்தை அடக்கப் பழகினார். மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று நாள் குறிக்காத குறையாகச் சொன்னார்.

இதைக் கேட்டுக் கொதித்தவர் பொன்னுத்துரை. போராட்டத்தில் கொம்பையாவோடு சிறை சென்றவர். துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டிப் படித்தே எழுத்தறிந்தவர். மேடை ஏறினால் நான்கு மணி நேரம் பேசுவார். தகரத்தில் ஒரு நேர்க்கோடு வெட்டத் தெரியாது.

அவர் தங்கபுஷ்பத்தின் எவர்சில்வர் பட்டறைக்குப் போனார். தங்கபுஷ்பம் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். பட்டறையில் நான்கு பேர் அவரிடம் வேலை பார்த்தார்கள். அதிகம் பேசமாட்டார்.

"சிந்தாத தம்ளர் ஒண்ணு வேணும்," என்றார் பொன்னுத்துரை.

"செஞ்சு தாறேன் அண்ணாச்சி."

"நீங்க செய்ய வேண்டாம். என் கையால செய்யணும். சொல்லிக் குடுங்க."

"விரல் போயிரும்."

"எங்க ஆளுக்கு ஏற்கெனவே மூணு போயிருக்கு."

அன்றுமுதல் அவர் தங்கபுஷ்பத்தை ஆசானே என்று அழைத்தார். பட்டறைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

ஆறு நாளில் முதல் தம்ளர் வந்தது. மேலே மூடி. மூடியில் மூக்கு. மூக்கு அரை சாண் நீளம்.

"எதுக்கு இம்புட்டு நீளம்?" என்று தங்கபுஷ்பம் கேட்டார்.

"வாய் படாம அண்ணாந்து குடிக்கணும்லா."

தங்கபுஷ்பம் அதில் தண்ணீர் நிரப்பி அவரிடமே கொடுத்தார்.

"கையை ஆட்டிக்கிட்டே குடிங்க."

பொன்னுத்துரை தலையை அண்ணாத்தினார். கையை ஆட்டினார். தண்ணீர் கண்ணுக்கும் மூக்குக்கும் போய், கடைசியில் தொண்டைக்குப் போனது. போன வழி தவறு. குனிந்து நின்று இருமினார்.

"அண்ணாச்சிக்குத் தொண்டையில ஊர்வலம் போகுது," என்றான் பாலிஷ் போடும் அய்யாத்துரை.

"தடியடி வேற நடக்குது," என்றான் இன்னொருவன்.

இருமல் நின்ற பிறகு தங்கபுஷ்பம் கேட்டார்.

"வாய் படக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பழக்கம்."

"யாரு பழக்கினது?"

பொன்னுத்துரையே நாற்பது ஆண்டுகளாக ஊர் ஊராக மேடையில் விளக்கிய விஷயம். தகரக் கத்தரியை எடுத்தார். மூக்கை உதடு பற்றும் அளவுக்கு வெட்டினார். அதன் விளிம்பை மாலைவரை அரம் வைத்துத் தேய்த்தார்.

இரண்டாவது தம்ளர் சிந்தவில்லை. தண்ணீரும் வரவில்லை. உறிஞ்சினால் இரண்டு சொட்டு வந்து நின்றுவிட்டது.

"மூடியில என்ன கோளாறு ஆசானே?"

"எண்ணெய் டின்னை உடைக்கையில எத்தனை ஓட்டை போடுவீங்க?"

"ரெண்டு."

தங்கபுஷ்பம் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். பொன்னுத்துரை மூக்குக்கு எதிர்ப்பக்கம் காற்றுப் போக ஓர் ஊசித்துளை போட்டார்.

மூன்றாவது தம்ளர் பதினெட்டாம் நாள் முடிந்தது. இரண்டு பக்கமும் பிடி. அடி கனம். ஆட்டினாலும் சிந்தாது, சாய்த்தால் மட்டும் வரும். கூட்டத்தில் கொடி ஏற்றியவரைப் போல அதை எடுத்துக்கொண்டு கொம்பையா வீட்டுக்குப் போனார்.

கொம்பையா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது.

"என்னலே இது, பிள்ளைக்குப் பால் ஊட்டுற சாமானா?"

"பிடிச்சுப் பாரு. உனக்காகப் பட்டறையில போய்ப் பதினெட்டு நாள் உக்காந்து செஞ்சது."

"அதான் விரல் பூரா துணி சுத்தியிருக்க." கொம்பையா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். கை ஆடியது. தம்ளர் ஆடியது. ஒரு சொட்டும் விழவில்லை. அவர் முகம் இளகியது.

"கடையிலயும் இதுல குடிக்கலாமா?"

"பின்னே? கையோட கொண்டு போ. இதுல ஊத்தச் சொல்லு."

"நீ எதுல குடிப்ப?"

"நான் கிளாஸுலதான்."

"மத்தவன்?"

"எல்லாரும் கிளாஸுலதான்."

கொம்பையா தம்ளரைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஊருக்கெல்லாம் கிளாஸ். எனக்கு மட்டும் தனியா ஒரு தம்ளர். கடைக்காரன் எடுத்ததை நீ திருப்பிக் கொண்டாந்து வச்சிருக்க. ஆணி ஒண்ணுதான் குறை. அதையும் நீயே அடிச்சிரு, பொன்னுத்துரை."

"செத்துப் போயிருவலே, மடையா!"

"சாவேன். இதுல குடிக்கமாட்டேன்."

பொன்னுத்துரை பட்டறைக்கு வந்து தம்ளரை மேசையில் போட்டார்.

"தம்ளர் சரியா இருக்கு. ஆள்தான் சரியில்ல."

"என்ன சொன்னாரு?"

பொன்னுத்துரை சொன்னார். ஒரு சொல் விடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்.

"இதுல என்ன தப்பு ஆசானே?"

தங்கபுஷ்பம் மோட்டாரை நிறுத்தினார். ஸ்கூட்டரை எடுத்து, பொன்னுத்துரையைப் பின்னால் உட்காரச் சொன்னார். நேரே பொட்டல்விலக்கு டீக்கடை. பொன்னுத்துரை சாலையிலேயே நின்றுகொண்டார். கடையை இப்போது நடத்துபவர் கண்ணபிரான். விரலை உடைத்தவரின் மகன்.

தங்கபுஷ்பம் ஒரு டீ குடித்தார். குடித்த கிளாசைக் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, இதை நாளைக்குத் தாறேன்."

"கிளாஸு எதுக்குக்கா?"

"அளவுக்கு."

பட்டறைக்கு வந்ததும் பொன்னுத்துரையின் தம்ளரைக் கடைசல் எந்திரத்தில் மாட்டினார். மூடி தனியாக வந்தது. தம்ளரைக் கழிவுக் கூடையில் எறிந்தார்.

"பதினெட்டு நாள் வேலை!" என்று கத்தினார் பொன்னுத்துரை.

"மூடியை அவரு குறை சொல்லலையே."

பொன்னுத்துரை கூடையைப் பார்த்தார். மேசைமேல் இருந்த டீக்கடைக் கிளாசைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து அந்தக் கிளாசின் வாயை அளக்க ஆரம்பித்தார்.

கிளாஸ் மேலே அகலம், கீழே குறுகல். மூடி நிற்காமல் வழுக்கியது. அய்யாத்துரைதான் குக்கர் வாஷர் ரப்பரை உள்ளே கொடுக்கச் சொன்னான். ரப்பர் கிளாசைக் கவ்வியது. தலைகீழாகத் தூக்கினாலும் மூடி கழலவில்லை.

"முடிஞ்சுது," என்றார் பொன்னுத்துரை.

"இன்னும் அஞ்சு செய்யணும்."

"ஒரு ஆளுக்கு ஆறு மூடியா?"

"ஒண்ணுன்னா அது அவரு மூடி. ஆறுன்னா கடை மூடி."

ஆறையும் செய்து முடிக்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் கொம்பையாவுக்கு மருத்துவமனையில் குளுகோஸ் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, இனி வாயால் குடித்தால்தான் உண்டு என்று சொல்லி அனுப்பினார்கள்.

"எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போங்க," என்றார் தங்கபுஷ்பம்.

பொன்னுத்துரையின் முகம் மாறியது.

"அந்த வீட்டு ஆள்கிட்ட நான் போய் நிக்கணுமா? இதைக் கொஞ்சம் கடையில வச்சுக்கோங்கன்னு கேக்கணுமா? நாப்பது வருசத்துல அவங்ககிட்ட நான் எதையும் கேட்டதில்ல. எழுதித்தான் வாங்கியிருக்கேன்."

"கேக்க வேண்டாம்."

"பின்னே?"

"குடுங்க."

பொன்னுத்துரை மூடிகளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் அவர் வந்தபோது தங்கபுஷ்பம் மூட்டையோடு தயாராக நின்றார்.

முதல் பேருந்து வந்து நிற்கும் நேரம். கடையில் பதினாலு பேர் இருந்தார்கள். பொன்னுத்துரை கொம்பையாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். தங்கபுஷ்பம் மூட்டையைப் பிரித்து மூடிகளை மேடையில் வைத்தார்.

"இது என்னக்கா?" என்றார் கண்ணபிரான்.

"கிளாஸுக்கு மூடி. கேக்குறவங்களுக்குப் போட்டுக் குடுங்க. கிளாஸைக் கழுவுற வெந்நியிலயே கழுவிரலாம்."

பேருந்து நடத்துநர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். தன் கிளாசில் அழுத்தினார்.

"அட, வண்டியில வச்சே குடிக்கலாம் போலிருக்கே! கண்ணபிரான், கிளாஸு வண்டி திரும்பி வரையில வரும்."

"கிளாஸும் வரணும், மூடியும் வரணும்."

இடுப்பில் குழந்தை வைத்திருந்த பெண் ஒரு மூடி கேட்டாள். மீன்கூடையோடு சைக்கிளில் நின்றவர் ஒன்று கேட்டார். கை நடுங்குகிறவர் யாருமில்லை. வந்து கேட்டவர்கள் எல்லாம் அவசரக்காரர்கள். ஆறில் ஆறும் போய்விட்டது.

பொன்னுத்துரை பதறினார். "ஏய், நம்ம ஆளுக்கு ஒண்ணு எடுத்து வையுங்கப்பா!"

"வைக்காத," என்றார் கொம்பையா. பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்தார். "முன்னால வந்தவங்க முடிக்கட்டும்."

அந்தப் பெண் குடித்து முடித்தாள். கண்ணபிரான் கிளாசையும் மூடியையும் வெந்நீரில் முக்கி எடுத்தார்.

"நல்லா ஆத்தி ஊத்துங்க. மூடிக்குள்ள சூடு நிக்கும்," என்றார் தங்கபுஷ்பம்.

கண்ணபிரான் இன்னும் நான்கு முறை ஆற்றினார். மூடியை அழுத்திக் கொடுத்தார். கொம்பையா இரண்டு கையாலும் வாங்கினார். முதலில் கிளாசைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் கையில் இருப்பதும் அதே கிளாஸ். மூடியின் மூக்கில் உதட்டை வைத்தார். கை ஆடியது. பேருந்து ஹாரன் அடித்தது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

அவர் குடித்தார். நிறுத்தி மூச்சு வாங்கி, மறுபடியும் குடித்தார். சட்டை காய்ந்தே இருந்தது.

"இன்னொண்ணு போடு," என்றார். "அதுக்கு முன்னால தண்ணி குடு."

பொன்னுத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையைப் பார்த்தார்.

கண்ணபிரான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கழுவி வைத்திருந்த இன்னொரு மூடியை எடுத்துப் பார்த்தார்.

"பேரு வெட்டாத சாமான் கடையில தங்காதுக்கா. கடைப் பேரு வெட்டியிருக்கா?"

"வெட்டியிருக்கு."

"கடைப் பேரா?" என்று பொன்னுத்துரை சீறினார். "என் கைபட்ட வேலையில இவங்க பேரா? என்ன வெட்டினீங்க ஆசானே?"

கண்ணபிரான் மூடியை வெளிச்சத்தில் சாய்த்தார். விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்து. உதடு அசையப் படித்தார். படித்துவிட்டு மூடியை மெல்லக் கவிழ்த்து வைக்கப் போனார்.

"தம்பி," என்றார் தங்கபுஷ்பம். "சத்தமாப் படிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நடத்துநர் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். கண்ணபிரான் அவர்களைப் பார்த்தார். கொம்பையாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உபயம்," என்று படித்தார். "சீனி மகன் கொம்பையா, பொட்டல்விலக்கு."