சவரிநாதனின் மூன்றாவது அடுப்பு

நெருப்பில் காட்டாமல், புகையிலேயே கறியைப் பதமாக வேகவைப்பதில் புளோரா மாஸ்டர் கைதேர்ந்தவள். அந்த மலையூரில் அவளிடம் தொழில் கற்கப் போனவர்களில் வயதில் மூத்தவர் சவரிநாதன். குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது அதிகம். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். அவளுக்குப் பொறுமை போகப் போக அந்த அண்ணே நீண்டுகொண்டே போகும்.

அன்று காலையிலேயே நீண்டது.

"மாஸ்டர், இந்த அடுப்பும் சரியில்ல."

"என்னாண்ணேஏ... முத அடுப்புக்கு என்ன கேடு வந்துச்சு?"

"அது தகரம் மாஸ்டர். காத்தடிச்சா ஆறிப்போவுது."

"ரெண்டாவது?"

"அது பானை. வெடிச்சிருச்சு."

"இது?"

"இது நீங்களே பாத்து எடுத்துக் குடுத்த டிரம்."

மாஸ்டர் கையிலிருந்த விறகைக் கீழே போட்டாள்.

டிரம் எடுக்கப் போன அன்று, பழைய இரும்புக் கடையில் மாம்பழக்கூழ் வந்த டிரம்கள் குவிந்து கிடந்தன. சவரிநாதன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்த்தார், துரு பார்த்தார், அடியில் ஓட்டை பார்த்தார். மாஸ்டரோ மூடிகளை மட்டும் மூடி மூடிப் பார்த்துக்கொண்டு போனாள். "இருக்கிறதுலயே மலிவா எடுங்க, பரவால்ல. மூடி மட்டும் உக்காரணும்" என்றாள்.

அதன்பிறகு அந்த டிரம்முக்கு அவர் செய்யாத வைத்தியம் இல்லை. சூடு தங்கட்டும் என்று அடியில் செங்கல் அடுக்கினார். காற்றைக் கூட்டவும் குறைக்கவும் கீழே ஓட்டை போட்டு, அதற்கொரு தள்ளுதகடு வைத்தார். மேலே புகைக்குழாய் மாட்டினார். மூடி விளிம்பில் மைதாவைப் பிசைந்து அப்பினார். எல்லாம் மாஸ்டர் சொன்னதுதான். தைலமர விறகைப் போட்டதுதான் அவராகச் செய்தது. அன்று கறியைத் தின்ற மச்சான், "மாமா, சளி கரைஞ்சிருச்சு" என்றான்.

"திண்டுக்கல்ல ஒரு கடையில புது மாடல் வந்திருக்காம் மாஸ்டர்" என்றார் சவரிநாதன். "முன்னாடி கண்ணாடிக் கதவு. உள்ள நடக்குறது அப்படியே தெரியுமாம்."

"தெரிஞ்சு?"

"பயமில்லாம இருக்கலாம்ல?"

பயத்துக்குக் காரணம் இருந்தது. மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவர் பரிமாறிய பன்றிக்கறி எலும்போரம் ரோஸ் நிறத்தில் இருந்தது. பந்தியில் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருந்தால் என்ற நினைப்பு அவரை விடவில்லை. கெஸ்ட் ஹவுஸ் மேடமும் போன தடவை பாதி வெந்த கறியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்னொரு தடவை பாக்குறேன். நல்லா இருந்தா வாராவாரம் உங்ககிட்டதான். இல்லேன்னா இனிமே கேக்கவே மாட்டேன்." எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு இதை நம்பி இறங்கியவர் சவரிநாதன். அந்த இன்னொரு தடவை இன்று சாயங்காலம்.

"அடுப்புல என்னதான் குறை மாஸ்டர்? அதையாவது சொல்லுங்க."

மாஸ்டர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். "நடங்க, வர்றேன்."

சவரிநாதன் வீட்டுக் கொல்லையில் பேரிக்காய் மரத்தடியில் டிரம் நின்றது. பக்கத்துக் கொட்டகை விட்டத்தில் தூளி. மனைவி லில்லி நர்ஸ். பகல் டியூட்டி என்றால் பிள்ளை அவர் பொறுப்பு. பிள்ளையே இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்தவன் இன்னாசி. காலுறை, குல்லாய் சகிதம் அப்போதுதான் கண் அயர்ந்திருந்தான்.

அவர் பேரி விறகில் கங்கு பிடித்து, தொடைக்கறியைக் கம்பியில் வைத்து மூடினார். குழாயில் மெல்லிய புகை எழும்பியது. மாஸ்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்.

"ஒரே நிமிஷம் மாஸ்டர்." சாக்குத் துணியால் பிடித்து மூடியைத் தூக்கினார். அடைத்திருந்த புகை முகத்தில் மோதிவிட்டுப் போனது. குனிந்து பார்த்தார். "இன்னும் ஆகல." மூடினார்.

மாஸ்டர் எழுந்து போய்த் தூளியை விரித்து உள்ளே தலையை விட்டாள்.

"என்ன மாஸ்டர்?"

"தூங்குறானான்னு பாத்தேன்."

இன்னாசி சிணுங்கினான். சவரிநாதன் ஓடிப்போய் ஆட்டினார்.

மறுபடி வந்து உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. "புகை கம்மியா வர்ற மாதிரி இல்ல?" என்றபடி மூடியைத் தூக்கினார். காற்றுப் பட்டதும் கங்கு குப்பென்று சிவந்தது.

திரும்பிப் பார்த்தால் மாஸ்டர் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"மாஸ்டர்!"

"மூச்சு வருதான்னு பாக்குறேன்."

"வராம எங்க போவும்?"

"வரலன்னா? பச்சப்புள்ளையாச்சே."

சவரிநாதனுக்குச் சுருக்கென்றது. லில்லிக்குத் தெரியாமல் அவரே அப்படி எழுந்து விரல் வைத்துப் பார்ப்பதுண்டு. இன்னாசி கைகால்களை உதைத்தான். அவர் பாட்டுப் பாடி, முதுகைத் தட்டி, மறுபடி ஆட்டி அடக்கினார்.

'கறியைப் பார்க்க வந்தவள் கறியைப் பார்க்க வேண்டியதுதானே? நம்ம பிள்ளையை ஏன் பிடித்து ஆட்டுகிறாள்?' வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு டிரம்மிடம் போனார். அடிப்பக்கம் கருகிவிடுமோ? மூடியைத் தூக்கி, இடுக்கியால் கறியைப் புரட்டினார்.

கொட்டகையில் வீறிட்ட சத்தம் ஊரைக் கூட்டியது.

மாஸ்டர் இன்னாசியைக் குப்புறக் கவிழ்த்திருந்தாள்.

"திருப்பிப் போட்டேண்ணே. எவ்வளவு நேரம் ஒரே பக்கமா கெடப்பான்?"

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா மாஸ்டர்? உசுரைக் குடுத்துத் தூங்க வச்சிருக்கேன்!"

"எங்க தூங்குறான்? காலையில இருந்து பாக்குறேன், முழிச்சு முழிச்சு அழுறான்."

மாஸ்டர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். தூளியின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். சேலையை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். விட்டத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"தூளி சரியில்லண்ணே."

"என்னது?"

"நல்ல நூல் சேலைதான். முடிச்சும் கெட்டியாத்தான் இருக்கு. என்னமோ சரியில்ல. திண்டுக்கல்ல கண்ணாடி வச்ச தூளி வந்திருக்கும், போய் விசாரிங்க."

சவரிநாதன் கையைப் பார்த்தார். மூடி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. டிரம்மிலிருந்த புகையெல்லாம் பேரிக்காய் மரத்தைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவர் மூடியை வைத்தார். சாக்குத் துணியை மடித்துக் கொண்டுவந்து மாஸ்டரின் காலடியில் போட்டார்.

அதன்பிறகு அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. எழுந்தார், உட்கார்ந்தார், விறகை எண்ணினார், வாசலுக்குப் போய்த் திரும்பினார். டிரம்முக்குள் கொழுப்பு உருகிச் சொட்டும் சத்தம் கேட்டது. கை துறுதுறுவென்றது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

கெஸ்ட் ஹவுஸ் மேடம் சொன்ன நேரத்துக்கு முன்பே ஜீப்பில் வந்து இறங்கினார்.

"திறங்க சவரிநாதன், பார்ப்போம்."

"இன்னும் கொஞ்ச நேரம் மேடம்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல மேடம்."

"வெந்துச்சா, இல்லையா? அதாவது தெரியுமா?"

"பாக்கல மேடம்."

"பாக்கலையா? போன தடவை வந்தப்ப தூக்கித் தூக்கிக் காட்டினீங்க! விளையாடுறீங்களா? வேண்டாம்னா நான் டவுன்ல வாங்கிக்குறேன்."

சவரிநாதன் மாஸ்டரைப் பார்த்தார். அவள் இவர் பக்கமே திரும்பவில்லை.

மேடம் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு தானே மூடியைத் தூக்கப் போனார். எப்படிப் போய் நின்றோம் என்று சவரிநாதனுக்கே தெரியாது. டிரம்முக்கும் மேடத்துக்கும் நடுவில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"வேணாம் மேடம்."

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. மாஸ்டர் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "என்னம்மா இது கூத்து? உள்ள என்னதான் நடக்குது?"

மாஸ்டரின் தோளில் இன்னாசி கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, அவளுடைய கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவள் டிரம் இருந்த பக்கம் முகவாயால் காட்டி, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா மேடம். இப்பத்தான் கண்ணசந்திருக்கு."