வாசலுக்கு வந்த வெப்சைட்

ஒரு பல்கலைக்கழகம். அதன் நூலகத்துக்கு மெஹருன்னிசா என்ற அம்மாள் தலைமை நூலகர். அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவர் தாயுமானவன். கற்றுக்கொள்ள வந்தவர்தான் வயதில் மூத்தவர், காதோரம் நரைத்துவிட்டது. கம்ப்யூட்டர் பிரிவில் தற்காலிகம், தற்காலிகம் என்றே பாதி ஆயுசைக் கழித்தவர். நூலகத்துக்குப் புது வெப்சைட் செய்துகொடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம் என்று பதிவாளரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் சந்தோஷத்தில்தான்.

திங்கள்கிழமை செய்து முடித்தார். வியாழக்கிழமை துணைவேந்தர் வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் குருவிடம் காட்ட வேண்டாமா? கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பாருங்க மேடம்! திறந்ததுமே நம்ம பல்கலைக்கழக கீதம் பாடும். மேல துணைவேந்தர் படம். அதுக்கு அடியில பதிவாளர். அப்புறம் சிண்டிகேட் உறுப்பினருங்க, ஒருத்தர் விடாம. நடுவுல வாழ்த்துச் செய்தி ஒண்ணு குதிச்சு வந்து நிக்கும். அதை மூடினாத்தான் மத்தது தெரியும்."

"புத்தகம் தேடுற இடம்?"

"இருக்கே! கீழ, வலது ஓரம்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இருந்தது. கடுகு மாதிரி இருந்தது.

"நல்லா உழைச்சிருக்கீங்க," என்றார். "ஆனா முகத்துல ஏதோ கவலை தெரியுதே, என்ன?"

தாயுமானவன் குரலை இறக்கினார். "சோதனைக்காகப் பிள்ளைங்களுக்குத் திறந்துவிட்டேன் மேடம். வர்றாங்க. வந்த வேகத்துல போயிடறாங்க. ஒருத்தரும் ஒரு புத்தகம் தேடலை. ஏன் மேடம்? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் படிக்கிற ஆசையே போயிடுச்சா?"

அந்த அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அங்கிருந்து பார்த்தால் நூலக வாசல் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், தனக்குத்தானே சிரித்தார்.

"நாளைக்குக் காலையில வாசலுக்கு வாங்க தாயு. இந்தக் கேள்வியையும் கையோட கொண்டுவாங்க."

மறுநாள் தாயுமானவன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மேளச் சத்தம் கேட்டது.

நூலகப் படிக்கட்டில் மாணவர் பேண்டுக் குழு நின்றுகொண்டு கீதத்தை முழக்கியது. யாராவது படியில் கால் வைத்தால் போதும், முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். வாசலுக்குக் குறுக்கே நாற்காலிகள். நாற்காலிக்கு ஒன்றாகச் சட்டம் போட்ட படங்கள். நடு நாற்காலியில் துணைவேந்தர். மாலை மட்டும் போடவில்லை, உயிரோடு இருக்கிற மனிதர் அல்லவா!

படங்களுக்கு முன்னால் காவலாளி செபஸ்தியான், நெஞ்சை மறைக்கிற அகலத்தில் ஒரு வாழ்த்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பலகையின் மூலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அதைத் தொட்டால்தான் நகர்வார். தொடாவிட்டால் எந்தப் பக்கம் போனாலும் குறுக்கே வந்தார்.

விவரம் கேட்கிற மேஜை எங்கே? வலது ஓரம், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்தது. அங்கே உதவி நூலகர் நெல்லையப்பன், வெயிலுக்குத் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மாணவர்கள் வந்தார்கள்.

"என்னடா, யாருக்குக் கல்யாணம்?"

"மாப்பிள்ளைங்க கூட்டம் அதிகமா இருக்கே. வாடா, கேன்டீனுக்கே போயிடலாம்."

திரும்பிப் போனார்கள். வந்த வேகத்தில்.

தாயுமானவனுக்கு முகம் சிவந்துவிட்டது. தூணோரம் நின்ற அந்த அம்மாவிடம் விறுவிறுவென்று போனார்.

"மேடம், என்ன இது?"

"உங்க வெப்சைட்தான் தாயு. நான் ஒண்ணையும் கூட்டலை, குறைக்கலை."

"இத்தனை பேர் முன்னால என்னைக் கேலி பண்றீங்க."

"கேலி பண்றதா இருந்தா வியாழக்கிழமை வரைக்கும் பேசாம இருந்திருப்பேனே."

அவர் மறுவார்த்தை பேசுவதற்குள் ஒரு பெண் ஓடிவந்தாள். பூங்கோதை, அன்றைக்கு வாய்மொழித் தேர்வு வைத்திருந்த ஆராய்ச்சி மாணவி. கையில் கோப்பு, தோளில் சரிந்த துப்பட்டா. மேளம் முதலிலிருந்து தொடங்கியது.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க! எனக்கு இன்னிக்கு வைவா!"

செபஸ்தியான் வாழ்த்துப் பலகையை உயர்த்தினார்.

"வாழ்த்தெல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லுங்கண்ணே! உறைகிணறு பத்தி எழுதினதுக்கு ஆதாரம் கேட்டா புத்தகத்தையே காட்டணும்னு கைடு இப்பத்தான் சொல்றாரு. யார்கிட்ட கேக்கணும்?"

செபஸ்தியான் கண்ணால் சைக்கிள் ஸ்டாண்டைக் காட்டினார். ஓடினாள்.

"சார், உறைகிணறு பத்தின புத்தகம் எங்க இருக்கு?"

நெல்லையப்பன் நிமிர்ந்தார். "ஆசிரியர் பேர்?"

"தெரியலையே."

"தலைப்பு?"

"பச்சை அட்டை சார். கிணறு படம் போட்டிருக்கும்."

"பதிப்பகம்? பதிப்பாண்டு? பகுப்பு எண்?"

"ஐயோ, கிணறு சார்! கிணறு!"

"கிணறு என்று இங்கே எதுவும் இல்லை," என்றார் நெல்லையப்பன், எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிற குரலில். "வேறு சொல்லைக் கொண்டு முயற்சி செய்யவும்."

அதைக் கேட்டதும் தாயுமானவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவரே எழுதிய வாசகம். தேடி ஒன்றும் கிடைக்காதபோது திரையில் வருவதற்காக எழுதியது.

பூங்கோதை கோப்பை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். கண் கலங்கிவிட்டது.

தாயுமானவன் தூணோரத்திலிருந்தே கத்தினார். "நிலத்தடி நீர்வளம்னு கேளும்மா! நாங்க அப்படித்தான் போட்டு வெச்சிருக்கோம்!"

"அவ ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து தேடுறப்போ பக்கத்துல நின்னு கத்துவீங்களா தாயு?" என்றார் அந்த அம்மா. "சரி, ஒரு கேள்வி கொண்டுவரச் சொன்னேனே. கொண்டுவந்தீங்களா? இப்பக் கேளுங்க."

தாயுமானவன் அந்தப் பெண்ணைப் பார்த்தார். படிக்கிற ஆசை போய்விட்டதா என்று இனி எப்படிக் கேட்பது?

அடுத்த நிமிஷம் மனுஷன் ஓடினார். நரைத்த வயதில் அப்படி ஒரு ஓட்டம்!

"நெல்லையப்பன் சார், நிறுத்துங்க உங்க கேள்வியை! உறைகிணறுன்னா உறைகிணறுதான்! அந்தப் பச்சை அட்டை எங்க இருக்கு, அதைச் சொல்லுங்க!"

"அப்படிக் கேட்டாச் சொல்லலாமே," என்று நெல்லையப்பன் சந்தோஷமாகக் கைக்குட்டையை உருவினார். "வடக்கு ஹால், ஜன்னல் ஓரத்து அலமாரி, மேல் தட்டு."

"ஓடும்மா!"

அவள் ஓடினாள். அவளுக்கு முன்னால் தாயுமானவன் ஓடினார். "செபஸ்தியான், பலகையை ஓரமாப் போடுங்க! டேய் மேளம், போதும்டா!" நாற்காலிகளை இழுத்துத் தள்ளினார். பதிவாளர் ஒரு பக்கம் சாய்ந்தார். சிண்டிகேட் சுவரோரம் போனது. நடுவில் இருந்த பெரிய படத்தைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பினார்.

எதிரே துணைவேந்தர் நின்றார்.

வியாழக்கிழமை விழாவுக்கு இடம் பார்க்க வந்தவர். கார் வந்த சத்தம் மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"என்னய்யா," என்றார் அவர். "என் படத்தை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

தாயுமானவனின் நிரந்தர வேலை அந்தப் படத்தோடு சேர்ந்து அவர் அக்குளில் இருந்தது. சொல்வதற்கு நல்ல பொய்கள் எத்தனையோ இருந்தன. துடைக்க எடுத்தேன் ஐயா என்றிருக்கலாம். உயரத்தில் மாட்டப்போகிறேன் என்றிருக்கலாம்.

"வழியில இருந்துதுங்க ஐயா," என்றார்.

துணைவேந்தர் புருவத்தைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல்: "சார், சார், கொஞ்சம் வழி விடுங்க, வைவா!" பூங்கோதை அவரை ஓரமாக ஒதுக்கிவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

அவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் போன திசையைப் பார்த்தார். தாயுமானவனின் அக்குளில் இருந்த தன் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"படமும் இருக்கு, ஆளும் பக்கத்துலயே நிக்கறேன். அந்தப் பொண்ணுக்கு என்னை அடையாளம் தெரியலையே!"

"அவ தேடி வந்தது கிணறு ஐயா," என்றார் மெஹருன்னிசா. "நீங்க பார்த்தது வெப்சைட் ஒத்திகை. வியாழக்கிழமை திறக்கப்போறது இதைத்தான்."

துணைவேந்தர் நாற்காலிகளைப் பார்த்தார். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்த மேஜையைப் பார்த்தார்.

"இந்த வியாழன் வேண்டாம்," என்றார். "அடுத்த வியாழன் வர்றேன். தாயுமானவன், என் படத்துக்கு வழியில இல்லாத இடமாப் பாருங்க."

அதற்குள் பூங்கோதை வெளியே வந்துவிட்டாள். பச்சை அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, "கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே படிகளில் தாவிப் போனாள். பேண்டுக் குழுவில் ஒருத்தன் தாங்க முடியாமல் மேளத்தை ஒரு தட்டுத் தட்டினான்.

அடுத்த வியாழன் வந்தது. வெப்சைட் திறந்தது. பாட்டு இல்லை, குதித்து வரும் வாழ்த்து இல்லை. நடுவில் ஒரே ஒரு பெட்டி. அதன்மேல் 'என்ன வேணும்?' என்று ஒரு வரி. கிணறு என்று கேட்டாலும் நிலத்தடி நீர் என்று கேட்டாலும் அந்தப் பச்சை அட்டையிடம் கொண்டுபோய் விட்டது. தாயுமானவனும் நெல்லையப்பனும் அந்த வாரம் முழுக்கச் சண்டை போட்டுப் போட்டுச் செய்தது அது. நிரந்தர ஆணையும் அன்றைக்கே கைக்கு வந்தது.

கூட்டம் கலைந்தபிறகு தாயுமானவன் குருவிடம் வந்தார். குதிக்காத குறைதான்.

"தேடறாங்க மேடம்! வந்துக்கிட்டே இருக்காங்க! எனக்கு ஒரே ஒரு ஆசை. கீழ, வலது ஓரத்துல, சின்னதா உங்க பேரு. பக்கத்துல என் பேரு. போட்டுக்கட்டுமா?"

அந்த அம்மா யோசித்தார்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு புத்தகத்தோட வெளிய வந்தாளே தாயு. வாசலைத் திரும்பிப் பார்த்தாளா?"

"எங்க மேடம் பார்த்தா? ஓட்டமா ஓடினா!"

"அப்போ வாசல் நல்லாத்தான் அமைஞ்சிருக்கு. அதுல பேரு எதுக்கு?" என்றார் மெஹருன்னிசா.