ஒற்றைப் பெயர்ப் பட்டியல்

"பத்தாம் வகுப்புல யார் யாருக்கு டி.சி. கொடுத்து அனுப்பினா நூறு சதவீதத் தேர்ச்சி வரும்னு கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லும்மா. பட்டியல் சின்னதா இருக்கணும், ஊர் கேள்வி கேட்கக்கூடாது" என்றார் தலைமையாசிரியர் ஞானசிகாமணி.

தற்காலிகக் கணினி ஊழியர் சகாயமேரி மதிப்பெண் கோப்பைத் திறந்தாள். அரையாண்டில் தவறியவர்கள் ஒன்பது பேர். பிள்ளைகள் என்ன, அழித்தெழுதும் எண்களா? மதிப்பெண்களையும் ஆசிரியர்களின் பாடவேளைப் பதிவேட்டையும் குடைந்து பார்த்தவள், ஆசிரியர் கூட்டத்தில் ஒரு தாளை நீட்டினாள்.

"ஒரே பேர்தானா? கெட்டிக்காரி!" என்றவர் உரக்கப் படித்தார். "ஞானசிகாமணி."

அறை கொல்லென்று சிரித்தது.

"ஒன்பது பேரும் கணக்குல மட்டும்தான் சார் ஃபெயில். கணக்கு வாத்தியார் நீங்க. அறுபது வகுப்புல பத்தொன்பதுக்குத்தான் வந்திருக்கீங்க" என்றாள் சகாயமேரி.

மறுநாள் மணியடிக்குமுன்பே அவர் சாக்பீஸோடு வகுப்பில் நின்றார். எதிரே ஒன்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சகாயமேரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.