குழியைத் தாண்டிய முதலாளி

மலையடிவாரக் காட்டில் மின்னான் என்ற முயல் ஒரு கோழிப் பண்ணை நடத்தியது. கிழக்கே ஒரு கொட்டகை, மேற்கே ஒரு கொட்டகை, இரண்டிலும் கோழிகள். மின்னான் நல்ல முதலாளிதான். ஆனால் ஓர் இடத்தில் உட்காரவே உட்காராது. தண்ணீர் வந்ததா, தீவனம் தீர்ந்ததா என்று நாள் முழுக்க ஓட்டம். பார்க்கிற நமக்கே மூச்சு வாங்கும்!

ஒருநாள் கிழக்குக் கொட்டகையில் மூன்று கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் கண்டது.

மேற்குக் கொட்டகையில் இருந்த செவலைக்கோழி பதறிப்போனது. “முதலாளி! என் ஏழு குஞ்சும் இங்கேதான் இருக்கு. நோய் இந்தப் பக்கம் வந்துடாதே?”

“நான் இருக்கேன்ல? ஒரு குஞ்சுக்கும் ஒண்ணும் ஆகாது!” என்றது மின்னான்.

உடனே இரண்டு கொட்டகைக்கும் நடுவே குழி வெட்டி மருந்துத் தண்ணீர் நிரப்பியது. “யாரா இருந்தாலும் இதுல கால் வச்சு, பத்து எண்ணிட்டுத்தான் போகணும்! அப்போதான் கால்ல ஒட்டின கிருமி சாகும்!” என்று சொல்லி, காவலுக்கு ஆமையை நிறுத்தியது.

தீவனம் கொண்டுவந்த கழுதை எண்ணியது. தண்ணீர் கொண்டுவந்த யானைகூட ஒவ்வொரு காலாக வைத்து நான்கு தடவை பத்து எண்ணியது. பாவம், ஏழுக்கு அப்புறம் என்ன என்று ஆமையிடம் கேட்டுக் கேட்டு எண்ணியது!

மின்னானுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கிழக்கே நின்றால் மேற்கே என்ன ஆச்சோ என்று பயம். மேற்கே வந்தால் கிழக்கே என்ன ஆச்சோ என்று பயம். ஓடிவந்து ஒரே தாவலில் குழியைத் தாண்டும்.

“முதலாளி, காலை நனைச்சுட்டுப் போங்க!” என்று ஆமை கத்தும்.

“அட போப்பா! பத்து எண்ணுறதுக்குள்ள அங்கே ஒரு உயிர் போயிடும். நான் என்ன வெளியாளா?”

நாலாம் நாள் மேற்குக் கொட்டகையிலும் கோழிகள் தலையைத் தொங்கப் போட்டன. செவலையின் கடைக்குட்டிக் குஞ்சு சுருண்டு படுத்துவிட்டது.

மின்னானுக்கு வந்ததே கோபம்! “எவனோ குழியில இறங்காமலே போயிருக்கான்! கழுதையா? யானையா?”

“நாங்க எண்ணினோம்!” என்று இரண்டும் கண்கலங்கின.

“இன்னிக்குத் தெரிஞ்சுடும்!” மின்னான் குழியின் இருகரையிலும் சாம்பலைத் தூவச் சொன்னது. சொல்லிவிட்டுச் சும்மா இருந்ததா? அன்றும் இங்குமங்கும் ஓடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் எல்லாரையும் கூட்டி, குனிந்து பார்த்தது. ஈரக்கால் பட்ட இடமெல்லாம் சாம்பல் கட்டிகட்டியாக அப்பியிருந்தது. நடுவே இருகரையிலும் ஈரம் படாத கால்தடம் ஒன்று, போகவும் வரவும், திரும்பத் திரும்ப.

“ஆ! மாட்டிக்கிட்டான்! ரெண்டு நீளம், ரெண்டு குட்டை! யாருடைய காலு இது?”

செவலை மின்னானின் கால்களையே பார்த்தது. மின்னானும் மெல்லக் குனிந்து தன் கால்களைப் பார்த்தது. நீளமான பின்னங்கால்கள் இரண்டிலும் சாம்பல்.

அதன் காது இரண்டும் தொங்கிவிட்டன. “நானா? குஞ்சு பொழைக்கணும்னுதானே ஓடினேன்!” என்று விம்மியது. பிறகு தானாகவே குழிக்குள் இறங்கி நின்றது. “ஒண்ணு... ரெண்டு... மூணு...”

அது பத்து சொல்லி முடித்தபோது, செவலை குளிர்ந்து விறைத்துப்போன கடைக்குட்டியைச் சிறகுக்குள் அணைத்தபடி கேட்டது: “இவ்வளவு நேரம்தானே முதலாளி? இதை அன்னிக்கே எண்ணியிருக்கக் கூடாதா?”

நாம் போட்ட விதிக்கு முதலில் கட்டுப்பட வேண்டியது நாம்தான். நம் அவசரத்துக்கு நாமே விலக்குக் கொடுத்தால், நாம் காக்க நினைத்த உயிரே அதற்குப் பலியாகும்.