ஜமீன்தார் வாயால் வந்த சொல்

ஊருக்கிருந்த ஒரே கிணறு வற்றிப்போனது. அதைத் தூர்வார உத்தரவு போடவேண்டிய ஜமீன்தாருக்கு மட்டும் தெரியாது. எப்படித் தெரியும்? தன் காதில் ‘இல்லை’ என்ற சொல் விழுந்தால் பன்னிரண்டு கசையடி என்று சட்டம் போட்டிருந்தார் மனுஷன். “கிணத்துல தண்ணி இருக்கா?” என்று கேட்டால், காரியஸ்தர் முதல் காவல்காரன் வரை, “இருக்குங்க எசமான்” என்றார்கள். குடம் சுமக்கிற வேலைக்காரன் பேயாண்டி வீட்டில் பிள்ளை தாகத்தில் அழுதே ஓய்ந்துவிட்டது.

சனிக்கிழமை ஜமீன்தார் எண்ணெய் தேய்த்து, தலை நிறையச் சீயக்காயை அப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஊத்துடா!”

வேலைக்காரன் வெறுங்குடத்தை அவர் தலைக்கு மேல் கவிழ்த்தான். “ஊத்திட்டேனுங்க.”

“என்னடா ஊத்தினே?”

“கிணத்துல இருந்ததைத்தானுங்க.”

“தண்ணி எங்கேடா? கண்ணு எரியுது!”

“அதுக்குப் பதில் சொல்ல ஒரு சொல் வேணுமுங்க. அதை எங்க வாயிலேருந்து எசமான் பிடுங்கி வச்சிருக்கீங்க. நீங்களே சொல்லிட்டா நல்லதுங்க.”

கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜமீன்தார் அலறினார்: “கிணத்துல தண்ணியே இல்லையாடா?”

“எசமான் சொன்னா சரியாத்தானிருக்கும்.”

அன்று மாலையே கிணற்றில் ஆட்கள் இறங்கினார்கள். சட்டமும் ஒழிந்தது. உத்தரவு போட்டவர் ஜமீன்தார். போட வைத்தவன் பேயாண்டி.