ராஜா சொன்ன யானைக் கதை

முன்னொரு காலத்தில் ஏழிலூர் நாட்டைப் பரிதிவேள் என்றொரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் மனசு ஒரு நிலையில் நிற்காது. காலையில் போட்ட உத்தரவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடுவார்.

அவருக்கு எழிலி என்று எட்டு வயதில் ஒரு மகள். அவளுக்குப் பாடம் சொல்லித் தர தண்டபாணிப் புலவரை வைத்திருந்தார். புலவருக்கு எல்லாமே மனப்பாடம்தான். பூக்களின் பெயர் நூறு, குதிரைச் சுழி முப்பது என்று அவர் அடுக்க, அவள் கொட்டாவியோடு ஒப்பிப்பாள். பாடம் முடிந்ததும் தோட்டத்துக்கு ஒரே ஓட்டம். அங்கே மந்திரி சாத்தையன் கதை சொல்வார். கதை சூடு பிடிக்கும் இடத்தில் சட்டென்று நிறுத்தி, இப்போது அவன் மனசில் என்ன ஓடும், உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்பார். அவள் எதைச் சொன்னாலும் தப்பு என்று சொல்லமாட்டார். ஏன் அப்படித் தோன்றியது என்று மட்டும் விசாரித்துவிட்டு, அவள் சொன்ன இடத்திலிருந்தே கதையை நகர்த்துவார்.

தன் பாடத்தில் தூங்கி வழிகிற குழந்தை மந்திரியின் கதைக்குக் கண்களை அகல விரிப்பது புலவருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் சபையிலேயே முறையிட்டார்.

"அரசே, நான் கேள்வி கேட்டால் இளவரசி 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்கிறார். நாளைக்கு நாட்டை ஆளப்போகிறவர் தோன்றினபடி ஆளலாமா?"

சபையில் இருந்தவர்கள் ராஜாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். ராஜாவுக்கு அது உறைக்கவில்லை. இன்றோடு கதையை நிறுத்திவிடும் என்று மந்திரிக்கு உத்தரவிட்டார்.

சாத்தையன் வணங்கினார். நிறுத்துவதற்கு முன் ஒரு சோதனை வைக்கலாம் என்றார். ராஜா தன் காலத்தில் உண்மையாக நடந்த ஒன்றைக் கதையாகச் சொல்லவேண்டும். கதையில் வருகிறவர்கள் மனசில் என்ன இருந்தது என்று புலவரும் குழந்தையும் சொல்லவேண்டும். குழந்தை தோற்றால் மந்திரி தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிப் புலவரிடம் கொடுத்துவிடுவார். ராஜாவும் சம்மதித்தார்.

"எதைப் பற்றிய கதை என்பதைப் புலவரே சொல்லட்டும்" என்றார் சாத்தையன். "அவர் கரைகண்ட விஷயமாகவே இருக்கட்டும்."

மோதிரத்தின் மேலேயே கண்ணாக இருந்த புலவர், யானை நூல் எனக்குத் தலைகீழ்ப் பாடம், யானைக் கதையே சொல்லுங்கள் என்றார்.

சபை கப்சிப் என்றானது. மூன்று மாதமாக அங்கே யாரும் யானை என்ற வார்த்தையை எடுத்ததில்லை. வசந்தவிழா ஊர்வலத்தில், பட்டத்து யானை செவ்வந்தி ராஜாவைச் சுமந்தபடியே நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கே யானையையும் பாகன் ஆண்டிமுத்துவையும் யானைகளைக் கட்டும் காட்டோரக் கொட்டாரத்துக்குத் துரத்திவிட்டார் ராஜா. இதைப் பற்றிப் பேசுகிறவனுக்கும் அதே கதிதான் என்றும் சொல்லியிருந்தார். எழிலி அப்போது மாமன் ஊரில் இருந்தாள். யானை மேய்ச்சலுக்குப் போயிருப்பதாகத்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

புலவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ராஜாவின் முகம் இறுகியது. ஆனால் எத்தனை யோசித்தாலும் அவருக்குச் சொல்ல அந்த ஒரு யானைக் கதைதான் இருந்தது. எழிலியைச் சபைக்கு வரவழைத்து, ஒரு ஊரில் ஒரு ராஜா என்று ஆரம்பித்தார். ஊர்வலத்தைச் சொன்னார், யானை உட்கார்ந்ததைச் சொன்னார், தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை என்றார். ராஜா இறங்கி நடந்ததையும், யானையைத் துரத்தியதையும் சொன்னார். அப்போதும் ஒருவரும் சிரிக்கவில்லை என்று சொல்லி நிறுத்தினார்.

புலவர் முந்திக்கொண்டார். யானை நூல் சொல்லும் குற்றங்களில் ஏழாவது செருக்கு, அந்த யானைக்கு இருந்தது செருக்கு, ராஜாவுக்கு வந்தது நியாயமான கோபம் என்று முடித்தார்.

எழிலி கேள்வியில் ஆரம்பித்தாள். யானை எந்தக் காலை முதலில் மடக்கியது என்று கேட்டாள். ராஜா யோசித்து, முன்னங்கால், இடதுகால் என்றார். ராஜா கீழே விழுந்தாரா என்று கேட்டாள். இல்லை, யானை மெதுவாகத்தான் உட்கார்ந்தது என்றார்.

"அப்படியென்றால் அதற்குக் கால் வலித்திருக்கும் என்று தோன்றுகிறது. செருக்கு பிடித்த யானை ராஜா விழாமல் பார்த்து உட்காருமா?"

"சரி, அந்த ராஜாவுக்கு என்ன?"

"அவருக்குக் கோபம் இல்லை அப்பா. வெட்கம்."

"எப்படிச் சொல்கிறாய்?"

"ஒருவரும் சிரிக்கவில்லை என்று நீங்கள் இரண்டு தடவை சொன்னீர்கள். யாரோ சிரித்திருக்கிறார்கள்."

அன்று அந்தச் சிரிப்பு ராஜாவின் காதில் மட்டும் விழுந்திருந்தது. ராணியிடம்கூட அவர் சொன்னதில்லை.

ஆண்டிமுத்துவைக் கூட்டிவரச் சொன்னார். அவன் வந்து வணங்கி, செவ்வந்தியின் இடது முன்னங்காலில் விரல் நீளத்துக்கு மூங்கில் சிராய் ஏறியிருந்ததையும், மறுநாள் அதைப் பிடுங்கியதையும், மூன்று தடவை சொல்ல வந்து வாசலோடு துரத்தப்பட்டதையும் சொன்னான்.

"இது உமக்கு முன்பே தெரியுமா?" என்று ராஜா மந்திரியைக் கேட்டார்.

"தெரியும் அரசே. பேசக்கூடாது என்று தங்கள் உத்தரவு. தாங்களே பேசினால் குற்றமாகாதே என்று காத்திருந்தேன். புலவர் யானை நூலைத்தான் எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். யானையின் கால் மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு எனக்கும் தெரியாது."

ராஜா சிரித்துவிட்டார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டாரம்வரை நடந்தே போய், செவ்வந்தியைத் தானே அழைத்துவந்தார். பாகனுக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டினார். மோதிரம் மந்திரியிடமே இருந்தது. புலவருக்கு மட்டும் ஒரு தண்டனை. தினமும் தோட்டத்தில் எழிலியின் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கவேண்டும். கேட்ட கேள்விக்கு எந்த நூலையும் இழுக்காமல் பதில் சொல்லவேண்டும்.

முதல் நாள் சாத்தையன் ஒரு வழிப்போக்கனின் கதையை எடுத்தார். ஊரே விருந்துக்குக் கூப்பிட்டும் அவன் வாசலிலேயே நிற்கிறான். அங்கே நிறுத்தி, அவன் ஏன் உள்ளே போகவில்லை என்று புலவரைக் கேட்டார். புலவர் வாயைத் திறந்தார். ஒரு செய்யுள் வந்தது, விழுங்கினார். இன்னொன்று வந்தது; அதையும் விழுங்கினார். கடைசியில் மெல்லிய குரலில் சொன்னார்:

"உள்ளே தன்னை யாருக்கும் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்திருப்பான்... எனக்கு அப்படித் தோன்றுகிறது."

எழிலி நகர்ந்து அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கும் அப்படித்தான் தோன்றியது ஐயா" என்றாள்.