பவர் மாத்திரையும் மஞ்சள் கேப்சூலும்

நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடை அலமாரியில் வெள்ளை மாத்திரை ஒன்று குடியிருந்தது. அட்டையில் அதற்கு என்னவோ நீளமான பேர். ஊரார் வைத்த பேர் பவர் மாத்திரை. கேட்கவா வேண்டும், தலைக்கனம் ஏறிவிட்டது.

பக்கத்துத் தட்டில் ஒரு மஞ்சள் கேப்சூல். வெள்ளை அதைச் சும்மா விடாது. நான் நெஞ்சுக்குப் போவேன், சிறுநீரகத்துக்குப் போவேன், எலும்புக்குள்ளேயும் போவேன், உனக்கு மூத்திரப்பையை விட்டால் போக்கிடம் ஏது என்று வம்புக்கு இழுக்கும்.

“எனக்கு ஒரே தெருதான். அந்தத் தெருவில எனக்கு எல்லாரையும் தெரியும்” என்று மஞ்சள் சொல்லும்.

ஜெபராணி ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் நிற்பவள். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதுவரை நிற்க வேண்டும். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் ஆம்பிளை. கூச்சப்பட்டு அடக்குவாள். அடக்க முடியாமல் போய்விடுமோ என்று தண்ணீரே குடிக்கமாட்டாள். பாவம், நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்?

மருந்துக்கடை அண்ணாச்சியிடமும் அதே கூச்சம்தான். “சூடு புடிச்சிருக்கு அண்ணாச்சி, நல்ல பவரா ஏதாவது தாங்க” என்றாள். சூடு என்றால் கண்ணிலா, வயிற்றிலா? அவரும் கேட்கவில்லை. எங்கே என்று தெரியாத நோய்க்கு, எங்கேயும் போகிறவனை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு மாத்திரை போட்டாள், எரிச்சல் அடங்கியது, மீதியைக் கைப்பையில் போட்டுவிட்டாள். தப்பிப் பிழைத்த கிருமிகள் வெள்ளையின் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டன. ஒரு மாதத்தில் மறுபடியும் சூடு, மறுபடியும் அதே இரண்டு. மூன்றாம் தடவை வெள்ளை உள்ளே போனபோது, வாங்க, உட்காருங்க, காப்பி சாப்பிடுறீங்களா என்று கிருமிகள் உபசரித்தன. எரிச்சல் துளியும் குறையவில்லை. மூத்திரத்தில் ரத்தம் வேறு கண்டது.

ஜெபராணி டாக்டர் ஹமீதாவிடம் ஓடினாள். அங்கேயும் சூடு என்றுதான் ஆரம்பித்தாள்.

“சூடுன்னு சொன்னா நான் எங்கன்னு தேடுவேன்? எங்க எரியுதும்மா?”

ஜெபராணி சுவரைப் பார்த்துக்கொண்டு, “ஒண்ணுக்குப் போற எடத்துல” என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவலி, கர்ப்பம் என்று டாக்டர் ஒவ்வொன்றாக விசாரித்தார். எதுவும் இல்லை. என்ன கிருமி, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க மூத்திரத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்து மேஜைமேல் படுத்தது. கைப்பையிலிருந்து எடுத்துவைத்த வெள்ளை மாத்திரை அட்டை அதன் பக்கத்திலேயே கிடந்தது.

ரிப்போர்ட் முகத்துக்கு நேராகப் பேசுகிற ஜாதி. இந்தக் கிருமி வெள்ளைக்குக் கேட்காது, மஞ்சளுக்குக் கேட்கும் என்று சொல்லிவிட்டது. வெள்ளைக்குப் பொறுக்கவில்லை. அந்த மஞ்சளுக்கு என்னைவிடப் பவர் ஜாஸ்தியா என்று எகிறியது.

“பவரை யார் கேட்டா? கிருமி இருக்கிற எடம் மூத்திரப்பை. மஞ்சள் போய்ச் சேருற எடமும் அதுதான்” என்றது ரிப்போர்ட். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இந்தக் கிருமி நாளைக்கே சிறுநீரகத்துக்கு ஏறினா மஞ்சளால ஒண்ணும் ஆகாது. அங்க போகத் தெரிஞ்சவன் நீ. ஆனா நீ போயும் இனி இவளுக்குப் பிரயோஜனம் இல்ல” என்றது.

வெள்ளை அட்டைக்குள் சுருண்டுகொண்டது.

டாக்டர் மஞ்சளை எழுதினார். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாளைக்கு இரண்டு, எரிச்சல் நின்றாலும் ஐந்து நாளும் போட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது என்றார். கிருமியை நான் பார்த்துக்கொள்கிறேன், அடக்குகிறதை நிறுத்த என்னிடம் மருந்து இல்லை என்று மஞ்சள் முணுமுணுத்தது.

இரண்டாம் நாளே எரிச்சல் நின்றது. ஜெபராணி நிறுத்தாமல் போட்டாள். மூன்றாம் நாள் கடையில் முகூர்த்தக் கூட்டம். அரை பாட்டில் தண்ணீர் குடித்திருந்தாள், முட்டிக்கொண்டு வந்தது. கையிலிருந்த சேலையை மடித்துவைத்துவிட்டு சூப்பர்வைசரிடம் போனாள்.

“ஒண்ணுக்குப் போகணும்ணே” என்றாள், எல்லார் காதிலும் விழும்படி.

அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் போயிட்டு வா என்றார். அவள் திரும்பிப் பார்த்தபோது, பின்னால் கூட வேலை பார்க்கிற இன்னும் மூன்று பெண்கள் வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.